கையிலுள்ளதும் கண்ணிலுள்ளதும்

நன்மைக்கும் தீமைக்கும் இடையே நின்று தடுமாறுபவனுக்கு அறிவுரை கூற நூல்கள் பல உள்ளன. ஒரு நன்மைக்கும் மற்றொரு நன்மைக்கும் இடையே நின்று தடுமாறுபவனுக்குத் துணைவருவார் மிகக் குறைவு. பசித்தவனுக்குச் சோறு வேண்டும் என்பதில் ஐயமில்லை. உண்டு முடித்தவனின் கையில் ஓர் இனிப்பைக் கொடுத்துவிட்டு, “இதைத் தந்து அதைப் பெற்றுக்கொள்கிறாயா?” என்று வேறோர் இனிப்பைக் காட்டினால், அங்கேதான் சிந்தனை தொடங்குகிறது. தேவை பேசிய இடத்தில் இப்போது விருப்பம் பேசுகிறது. விருப்பத்தின் பேச்சில் எது நியாயம், எது நடிப்பு என்று பிரித்தறிவது எளிதன்று.

இக்கேள்வியை ஆராய நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் ஸ்போர்ட்ஸ் கார். கையில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருக்கும் ஒருவர், அதைக் கொடுத்துவிட்டு வேறொரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கலாமா என்று எண்ணுகிறார். ‘இதுவும் ஒரு பிரச்சினையா? செல்வர் வீட்டு விளையாட்டைப் பற்றி நமக்கென்ன?’ என்று சிலர் கேட்கக்கூடும். அதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தோம். சாதாரணக் காரை மாற்ற விரும்புபவர், ‘பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இடம் போதவில்லை’ என்பார். ‘பெட்ரோல் மிகுதியாகக் குடிக்கிறது’ என்பார். அக்காரணங்கள் மெய்யாகவும் இருக்கலாம். ஆசைக்குப் போர்த்திய போர்வையாகவும் இருக்கலாம். இரண்டே இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் காருக்கு அத்தகைய போர்வை இல்லை. அங்கே ஆசை தன் சொந்த முகத்தோடு நிற்கிறது. எனவே, ஆசையின் இயல்பை அறிய அதுவே தக்க இடம்.

இரண்டு கார்கள்

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம், 1989-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் எம்.எக்ஸ்-5 என்னும் சிறு காரை அறிமுகம் செய்தது. அமெரிக்காவில் அது மியாட்டா என்ற பெயரில் விற்பனையாயிற்று. திறந்த கூரையும் இரண்டு இருக்கைகளும் உடைய ஆங்கிலேயச் சிறு கார்கள் முன்னொரு காலத்தில் பெயர்பெற்று விளங்கின. 1962-இல் வெளிவந்த லோட்டஸ் எலான் அவற்றுள் சிறப்பான ஒன்று. அவ்வகைக் கார்கள் அருகிப்போன காலத்தில் அந்த மரபுக்கு மாஸ்டா மறுவாழ்வு கொடுத்தது. முதல் எம்.எக்ஸ்-5-இன் எஞ்சின் 1.6 லிட்டர் அளவுடையது; அமெரிக்காவில் விற்ற காரின் ஆற்றல் 116 குதிரைத்திறன். காரின் எடையோ 1000 கிலோவுக்கும் குறைவு. ‘ஜின்பா இத்தாய்’ என்னும் ஜப்பானியச் சொற்றொடரை அதை வடிவமைத்தவர்கள் கொள்கையாகக் கொண்டனர். குதிரை வீரனும் குதிரையும் ஓருடலாக இயங்குதல் என்பது அதன் பொருள். 2016 ஏப்ரலில் இக்காரின் உற்பத்தி 10 இலட்சத்தை எட்டியது.

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1996-இல் பாக்ஸ்டர் என்னும் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் திறந்த கூரையும் இரண்டு இருக்கைகளும் உடையதே. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின், இருக்கைகளுக்குப் பின்னால், காரின் நடுப்பகுதியில் அமைந்துள்ளது. தொடக்கத்தில் அதன் அளவு 2.5 லிட்டர், ஆற்றல் 201 குதிரைத்திறன், காரின் எடை ஏறத்தாழ 1250 கிலோ. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அதற்கு ஏறத்தாழ 7 விநாடிகள் போதும். அதன் உச்ச வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர் அளவில் நிற்கிறது.

இவ்விரண்டும் இன்று பழைய கார்கள். பழைய கார்ச் சந்தையில் இவற்றின் விலை ஒன்றையொன்று நெருங்கி நிற்பதும் உண்டு. அமெரிக்காவில் வாழும் ஒருவர் பல ஆண்டுகளாக எம்.எக்ஸ்-5 வைத்திருக்கிறார் என்று கொள்வோம். பாக்ஸ்டர் ஒன்று விற்பனைக்கு நிற்பதைக் காண்கிறார். கையிலுள்ளது இலேசானது, எளிமையானது, பழுதானால் குறைந்த செலவில் சரிசெய்யத் தக்கது. கண்ணிலுள்ளது வலிமையானது, விரைவானது, ஆறு சிலிண்டரின் நாதம் உடையது. இரண்டும் நல்லவை. அவர் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு பேரீச்சம்பழங்கள்

ஒத்த இரு பொருள்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்ற கேள்வி மிகப் பழமையானது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111) ‘தஹாஃபதுல் ஃபலாஸிஃபா’ என்னும் நூலில், உலகத்தின் தொடக்கம் பற்றிய விவாதத்தினிடையே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறார்கள். ஒரு மனிதனுக்கு முன்னால் எல்லா வகையிலும் ஒத்த இரண்டு பேரீச்சம்பழங்கள் உள்ளன. அவனுக்கோ உண்ணும் ஆவல் மிகுதி. இரண்டையும் எடுக்க இயலாது. அவன் என்ன செய்வான்? திகைத்து நின்றுகொண்டே இருப்பானா? இல்லை, ஒன்றை எடுத்தே தீருவான். ஒத்தவற்றிடையேயும் வேறுபடுத்தி ஒன்றைக் கொள்ளும் தன்மை நாட்டம் என்னும் ஆற்றலுக்கு உண்டு என்பது இமாம் அவர்களின் வாதம். இரு வைக்கோற் கட்டுகளுக்கு நடுவே முடிவு செய்ய இயலாமல் பட்டினி கிடந்து மாண்ட கழுதையின் கதை மேற்கு நாடுகளில் வழங்குகிறது. 14-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் ஜான் புரிடானின் பெயரால் அது சொல்லப்பட்டாலும், கிடைத்துள்ள அவருடைய நூல்களில் அக்கதை இல்லை. இமாம் அவர்களின் பேரீச்சம்பழம் அதற்கு மிக முற்பட்டது.

ஸ்பெயின் நாட்டுப் பேரறிஞர் இப்னு ருஷ்து (1126–1198) இதற்கு மறுப்பு எழுதினார். ‘தஹாஃபதுத் தஹாஃபத்’ என்னும் நூலில் அவர் கூறும் விடை நுட்பமானது. அந்த மனிதன் ஒரு பழத்தை மற்றொரு பழத்தைவிட மேலாகக் கருதித் தேர்ந்தெடுக்கவில்லை. எடுப்பதா, எடுக்காமல் விடுவதா என்பதே அவன் முன்னுள்ள கேள்வி. எடுப்பதை அவன் மேலாகக் கருதினான். கைக்கு வந்ததை எடுத்தான். அவ்வளவே என்கிறார் அவர்.

இருவரும் பேசியது கார்களைப் பற்றியன்று. எனினும் நம்முடைய கேள்விக்கு இந்த விவாதம் ஒளி தருகிறது. ‘எந்தக் கார் சிறந்தது?’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் மனிதர், பழத்தைப் பழத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அக்கேள்விக்கு விடை சொல்ல மோட்டார் பத்திரிகைகள் உள்ளன. அளவைகளும் அட்டவணைகளும் உள்ளன. ‘மாற்றம் என்னும் இச்செயல் வேண்டுமா, வேண்டாமா?’ என்பதே இப்னு ருஷ்தின் வழியில் பிறக்கும் கேள்வி. இதற்கு எந்த அட்டவணையும் விடை சொல்லாது. ஒரு கார் மற்றதைவிடச் சிறந்தது என்பது மெய்யாகவே இருந்தாலும், அதனால் மாற்றம் வேண்டும் என்பது முடிவாகிவிடாது. அண்டை வீடு நம் வீட்டைவிடப் பெரிது என்பதனால் நாம் குடிபெயர வேண்டும் என்றாகிவிடுமா?

கையிலிருப்பதன் கனம்

பேரீச்சம்பழங்கள் இரண்டும் மேசைமேல் இருந்தன. கார்களுள் ஒன்றோ ஏற்கெனவே கையில் உள்ளது. இந்த வேறுபாடு சிறியதன்று.

கனடாவில் பணியாற்றிய பொருளியல் அறிஞர் ஜாக் நெட்ச் 1989-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் காப்பிக் கோப்பை ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். பிறகு, ‘இதைத் தந்துவிட்டுச் சாக்லேட் பெற்றுக்கொள்ளலாம்’ என்றார். இன்னொரு பிரிவினருக்குச் சாக்லேட்டைக் கொடுத்துக் கோப்பைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். மூன்றாம் பிரிவினர் இரண்டில் ஒன்றை நேரே தேர்ந்தெடுத்தனர். அவர்களுள் 56 விழுக்காட்டினர் கோப்பையையும் மற்றவர் சாக்லேட்டையும் கொண்டனர். ஆனால், முதலில் கோப்பை பெற்றவருள் 89 விழுக்காட்டினர் கோப்பையையே வைத்துக்கொண்டனர். சாக்லேட் பெற்றவருள் 10 விழுக்காட்டினரே கோப்பைக்கு மாறினர். சற்று முன்னர்க் கைக்கு வந்த பொருளே இவ்வளவு கனக்குமாயின், பல ஆண்டுகள் ஓட்டிய கார் எவ்வளவு கனக்கும்!

இதிலிருந்து நாம் அறிவது யாது? ‘இருப்பதே போதும்’ என்று சொல்பவர் எல்லாரும் மனநிறைவு பெற்றவர் அல்லர். இழக்க அஞ்சுபவரும் அதே சொற்களைத்தான் சொல்வார். மனநிறைவும் இழப்பச்சமும் வெளிப்பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. ‘இந்தக் கார் என்னிடம் இல்லாமல், இதன் விலை பணமாக என் கையில் இருந்தால், இன்று இதையே தேடிச்சென்று வாங்குவேனா?’ என்று தம்மையே கேட்க வேண்டும். ‘ஆம்’ என்று தயங்காமல் சொல்பவரிடம் மனநிறைவு இருக்கிறது. ‘வாங்கமாட்டேன், ஆனால் விற்கவும் மாட்டேன்’ என்பவர், தம் நெஞ்சை இன்னும் சற்றுத் துருவிப் பார்க்க வேண்டும்.

‘இதற்குப் புதிய டயர் போட்டேன், எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்தேன், இவ்வளவு செலவிட்டபின் எப்படி விடுவது?’ என்று வாதிடுவோரும் உண்டு. செலவிட்ட பணம் போய்விட்டது. காரை வைத்திருந்தாலும் அது திரும்பாது. விற்றாலும் அது முழுமையாகத் திரும்பாது. அதைக் காரணமாகக் கொள்வது பொருந்தாது. ஆனால், அந்த ஆண்டுகளில் கிடைத்த வேறொன்று இன்னும் போகவில்லை. எந்த ஓசை இயல்பானது, எந்த ஓசை ஆபத்தானது, மழையில் எந்த வளைவில் பின்சக்கரம் நழுவப் பார்க்கும், கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்னும் அறிவு ஓட்டுபவரின் கைகால்களில் படிந்திருக்கிறது. அந்த அறிவை விற்கவும் முடியாது, புதிய காருக்கு முழுவதுமாக எடுத்துச்செல்லவும் முடியாது. போன பணத்துக்காகக் காரை வைத்திருப்பது பேதைமை. பெற்ற அறிவுக்காக வைத்திருப்பது நியாயம். இரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே பலர் இப்பக்கமோ அப்பக்கமோ தவறுகின்றனர்.

வேகமும் மாற்றமும்

இனி, மாற்றத் துடிக்கும் மனத்தை ஆராய்வோம்.

மனித உடலுக்கு வேகத்தை உணரும் புலன் இல்லை. செவியின் உட்பகுதியில் உள்ள நுண்ணுறுப்புகள் வேகம் கூடுவதையும் குறைவதையும் உடல் திரும்புவதையும் உணரும். மாறாத வேகத்தை அவை உணர்வதில்லை. விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் நேராகச் செல்லும்போது, கண்ணை மூடிக்கொண்டால் நாற்காலியில் அமர்ந்திருப்பது போலவே தோன்றுகிறது. ஸ்போர்ட்ஸ் காரின் இன்பமும் இத்தகையதே. முதுகை இருக்கை தள்ளும் அந்தக் கணத்தில்தான் உடல் மகிழ்கிறது. வேகம் நிலைபெற்றதும் அந்த உணர்வு அடங்கிவிடுகிறது.

உள்ளமும் இவ்வாறே அமைந்திருக்கிறது. பிலிப் பிரிக்மன், டொனால்ட் கேம்ப்பெல் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இருவர், நல்வாய்ப்புகளுக்கு மனம் விரைவில் பழகிவிடுவதைப் பற்றி 1971-இல் எழுதினர். எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே இருக்கச் செய்யும் ஓட்டப்பொறிக்கு அதை ஒப்பிட்டனர். ஹங்கேரியில் பிறந்த பொருளியல் அறிஞர் திபோர் ஸ்கிட்டோவ்ஸ்கி 1976-இல் வெளியிட்ட ‘மகிழ்வற்ற பொருளாதாரம்’ என்னும் நூலில், வசதி வேறு, இன்பம் வேறு என்று பிரித்துக் காட்டினார். இன்பம் மாற்றத்தில் பிறக்கிறது. வசதியோ ஒரு நிலை. நிலைத்துவிட்ட வசதி இன்பம் தருவதை நிறுத்திவிடுகிறது. ஆயினும் அதை இழந்தால் துன்பம் வருகிறது.

பாக்ஸ்டரை விரும்புபவர் எதை விரும்புகிறார்? அந்தக் காரையா, ஒரு காரிலிருந்து மற்றொரு காருக்குச் செல்லும் மாற்றத்தையா? முன்னதாயின் அது வாங்கிய பின்னும் நிலைக்கும். பின்னதாயின் சில மாதங்களில் தீர்ந்துபோகும். அதன்பின் அவர் கண் மூன்றாவது காரைத் தேடும். 116 குதிரைத்திறன் பழகிப்போனது போலவே 201 குதிரைத்திறனும் பழகிப்போகும்.

கூடுதல் வேகத்தை எங்கே செலவிடுவது என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். எரிபொருள் நெருக்கடியை ஒட்டி, அமெரிக்காவில் 1974-இல் மணிக்கு 55 மைல் என்னும் நாடு தழுவிய வேகவரம்பு சட்டமாயிற்று. 1995-இல் அது நீக்கப்பட்டது. அந்நாட்டின் சாலைகளில் இன்றுள்ள மிக உயர்ந்த வரம்பு, டெக்சாஸ் மாநிலச் சுங்கச்சாலை ஒன்றில் உள்ள 85 மைல், அதாவது 137 கிலோமீட்டர். சிறிய எம்.எக்ஸ்-5 கூட அதை எளிதில் கடந்துவிடும். பாக்ஸ்டரின் கூடுதல் ஆற்றல் பந்தயத் திடலிலும் ஜெர்மனியின் வரம்பற்ற நெடுஞ்சாலைப் பகுதிகளிலும் பொருளுடையது. மற்ற இடங்களில் அது பூட்டிய பெட்டியில் உள்ள பணம் போன்றது. அது இருக்கிறது என்ற எண்ணம் மகிழ்ச்சி தருகிறதேயன்றிச் செலவிட வழியில்லை. வழியில்லாத இடத்தில் செலவிட முயல்பவரோ, தம் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. வேகம் 100-லிருந்து 140-ஆக உயர்ந்தால் மோதலின் ஆற்றல் ஏறத்தாழ இருமடங்காகிறது. அந்த இருமடங்கைத் தாங்க வேண்டியவர் எதிரே வரும் குடும்பத்தினராக இருக்கலாம். அவர்கள் இந்தப் பேரத்தில் கையொப்பம் இட்டவர்கள் அல்லர்.

விலைச்சீட்டில் இல்லாத விலை

கார் வணிகரிடம் பழைய காரைக் கொடுத்து வேறொரு காரை வாங்குவது வசதியான முறை. அவ்வசதிக்கு விலை உண்டு. வணிகர் அதைத் திரும்ப விற்று இலாபம் காண வேண்டியிருப்பதால், நேரே வாங்குபவர் தரும் விலையைவிடக் குறைவாகவே அவர் மதிப்பிடுவார். மறுபுறம், அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இரு கார்களின் விலைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு மட்டுமே விற்பனை வரி. கலிபோர்னியா போன்ற சில இடங்களில் முழு விலைக்கும் வரி. பழைய காரின் கடன் தீரவில்லையென்றால், எஞ்சிய கடனைப் புதிய காரின் கணக்கில் ஏற்றிக் கொடுப்பதும் உண்டு. அங்கே ஒருவர், தம்மிடம் இல்லாத காருக்கும் சேர்த்துத் தவணை கட்டுகிறார்! இன்ஷூரன்ஸ், டயர், பழுதுச் செலவு ஆகியவை காரின் தரத்தோடு சேர்ந்து உயரும். இச்செலவுகள் ஒருவரின் இன்பத்துக்கு உரியவை. கொடுக்கும் பணமோ பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு உரியது. மனைவியும் பிள்ளைகளும் அறியாமல் செய்யப்படும் மாற்றம், எவ்வளவு இலாபமான பேரமாயினும் நேர்மையான பேரம் ஆகாது.

இன்னொரு செலவும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு எழுத்தாளர் டெனி திதரோ, தம்முடைய பழைய வீட்டு அங்கியை இழந்த வருத்தத்தை ஒரு கட்டுரையாக எழுதினார். புதிய செந்நிற அங்கி வந்ததும், அவருடைய அறையிலிருந்த மற்றப் பொருள்கள் அதற்குப் பொருந்தாமல் போயின. வைக்கோல் நாற்காலி போய்த் தோல் நாற்காலி வந்தது. ஒவ்வொன்றாக எல்லாமே மாறின. மானிடவியலாளர் கிராண்ட் மெக்ராக்கன் 1988-இல் வெளியிட்ட நூலில் இப்போக்குக்குத் திதரோவின் பெயரையே சூட்டினார். எம்.எக்ஸ்-5 நின்ற கொட்டகை பாக்ஸ்டருக்குப் போதாததாகத் தோன்றலாம். பழகிய ஒர்க்‌ஷாப் தரமற்றதாகத் தோன்றலாம். பழகிய நண்பர்களும்கூட அவ்வாறே தோன்றலாம். பொருளை மாற்றப் புகுந்தவர், முடிவில் தம்மையே மாற்றிக்கொண்டு நிற்பார்.

முடிவு செய்வது எங்ஙனம்?

இவ்வளவும் சொன்னதனால், மாற்றமே கூடாது என்று நாம் தீர்ப்பளிப்பதாகக் கொள்ள வேண்டா. இரண்டும் வீண் ஆடம்பரம் என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது கேள்விக்கு விடையாகாது. கேட்டவரை வாய்மூடச் செய்வது மட்டுமே. நேர்த்தியாக அமைந்த ஓர் இயந்திரத்தைத் திறம்பட இயக்கி மகிழ்வது மனிதனுக்குத் தகுந்த இன்பமே. குதிரையேற்றத்தை இழிவென்று யார் சொல்வார்?

இப்னு ருஷ்தின் கேள்வியையே முதலில் கேட்க வேண்டும். மாற்றம் என்னும் செயலை ஒருவர் வேண்டுவதற்குக் காரணம் என்ன? சலிப்பா, பிறர் பார்வையா, புதுமைத் தாகமா? இவையாயின் மாற்றம் அவற்றைத் தீர்க்காது, தள்ளிப்போடும். கையிலுள்ள காரை இன்னும் நன்றாக ஓட்டக் கற்பதும், அதில் இதுவரை செல்லாத சாலைகளில் செல்வதும் அந்தத் தாகத்துக்குக் குறைந்த செலவில் நிறைந்த நீர். புதிய காரில் மட்டுமே கிடைக்கும் ஒன்றை அவர் நெடுநாள் விரும்பியிருந்து, அதைப் பயன்படுத்த இடமும் காலமும் திறமும் பெற்று, வீட்டாரின் உடன்பாட்டோடும் கடனுக்கு ஆளாகாமலும் வாங்க இயலுமாயின், அந்த மாற்றத்தில் குற்றம் காண நமக்குக் காரணம் இல்லை.

இச்சோதனைகளையெல்லாம் கடந்தும் தராசு அசையாமல் நிற்கக்கூடும். அப்போது அவருக்கு இன்னொரு சோதனை. வணிகர், ‘நான்கு புதிய டயர்களை இலவசமாகத் தருகிறேன்’ என்கிறார் என்று கொள்வோம். இரு கார்களும் மெய்யாகவே சமமாயின், அந்தச் சிறு எடை தராசைச் சாய்த்துவிட வேண்டும். சாயவில்லையென்றால் அவை சமமானவை அல்ல. ஒரே அளவுகோலால் அளக்க இயலாதவை என்றே பொருள். ஜோசப் ராஸ் என்னும் தத்துவ அறிஞர் 1986-இல் வெளியிட்ட நூலில் இந்த அடையாளத்தைச் சுட்டிக்காட்டினார். இலேசையும் எளிமையையும் ஒருபுறம், வலிமையையும் நாதத்தையும் மறுபுறம் வைத்து நிறுக்கத் தராசே இல்லை. எந்தப் புதிய செய்தியைப் படித்தாலும், இன்னும் எத்தனை நண்பர்களைக் கேட்டாலும் அந்தத் தராசு கிடைக்கப்போவதில்லை.

அந்த இடத்தில்தான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் சொல் நமக்குத் துணையாகிறது. வெளியிலிருந்து காரணம் வரும் என்று காத்திராமல், நாட்டம் தானே ஒன்றைக் கொள்ளும் ஆற்றலுடையது. தாம் எத்தகைய ஓட்டுநராக வாழ விரும்புகிறார் என்பதை அவரே முடிவு செய்து, அதற்கேற்ற காரைக் கொள்ள வேண்டும். கொண்டபின் மற்றதைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட வேண்டும். எடுத்த பழத்தை உண்ணாமல், எடுக்காத பழத்தையே நோக்கிக்கொண்டிருப்பவனுக்கு இரண்டின் சுவையும் கிட்டுவதில்லை.